ஏணிய வெட்டுனதுக்கா நான் இப்படி உடைஞ்சு போனேன்?

பெரியாத்துக்கரை (வண்டிப்பெரியாறு) | ஞாயிறு, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவ. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவ, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, தை மாசம், மிளகு பறிக்கப் போன எடத்துல ஏணி சறுக்கி விழுந்துட்டாரு. சில்வர் ஓக் மரம். கொடி நல்லா உசரத்துக்கு ஏறியிருந்துச்சு. முதுகெலும்பு முறிஞ்சு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாமப் போச்சு. கோட்டயத்துல ஆபரேசன் பண்ணுனாங்க. அன்னைக்குப் படுத்தவருதான், கட்டில்தான் இப்ப அவருக்கு எல்லாமே.

நான் தேயிலை எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறேன். காலையில நாலரைக்கு எந்திரிச்சு, அவரத் தொடச்சு, யூரின் பேக் மாத்தி, கஞ்சி குடுத்துட்டு, வேலைக்குப் பேர் கூப்புடுற பிரட்டுக்கு ஓடணும். மத்தியானம் ஓடியாந்து ஒருக்கா திருப்பிப் போட்டுட்டு மறுபடி மலை ஏறுவேன். வீட்டுல மாமியாரு, வயசு எழுபது தாண்டிருச்சு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில நிக்கிறான். மக பிளஸ் டூ.

இத்தன நாள்ல நான் அழுததே இல்ல. ஆஸ்பத்திரியிலயும் அழல, டாக்டர் இனி நடக்க மாட்டாருன்னு சொன்னப்பவும் அழல. லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீடுகள்ல, எல்லாரும் "இவ இரும்புடி"ம்பாங்க. கோயில் திருவிழாவுல மைக்குல பேசுனவரு கூட என்னைய உதாரணமாச் சொன்னாரு. பொய் சொல்லல, அதக் கேக்க எனக்கும் தெம்பாத்தான் இருந்துச்சு.

அவரு விழுந்த ஏணி அவரோட சொந்த ஏணி. ஒத்த மூங்கில், கணுவுக்குக் கணு கால் வைக்கிற அளவுக்கு கிளைய விட்டு மிச்சத்தச் சீவுனது. அவரே சீவுனாரு. விழுந்த எடத்துலேர்ந்து யாரோ தூக்கியாந்து எங்க லயத்துப் பின்சுவத்துல சாத்திட்டுப் போனாங்க. ரெண்டு மழைக்காலம் நனைஞ்சு கறுத்துப் போய்க் கிடந்துச்சு. நான் அந்தப் பக்கம் பாக்காமத் தாண்டிப் போயிருவேன். எடுத்து எறியவும் இல்ல.

போன வெள்ளிக்கிழம வேலை விட்டு வந்தா, பக்கத்து வீட்டுப் பையன் அத அஞ்சாறு துண்டா வெட்டி அடுக்கி வச்சிருக்கான். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. கையில இருந்த தூக்குவாளிய வீசி எறிஞ்சேன். அவன் அம்மாவ என்னென்னமோ பேசிட்டேன். அந்தப் பிள்ள ஒரு வார்த்த திருப்பிப் பேசாம நின்னுச்சு. அப்புறம் அந்த மூங்கிக் குவியல் மேலயே உக்காந்து இருட்டுற வரைக்கும் அழுதேன். அன்னையிலேர்ந்து மூணு நாளா தூக்கம் இல்ல, கை நடுங்குது, நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு.

அவரு விழுந்தப்ப வராத அழுக இந்த மூங்கிலுக்கா வரணும்? அடக்கி வச்சதெல்லாம் இப்ப வெடிக்குதா? நான் பழைய மாதிரி ஆவேனா?

கம்பமெட்டு ஜீப்பு (கம்பம்) | ஞாயிறு, இரவு 10.48

அக்கா, நான் தினம் விடியக்காலம் கம்பத்துலேர்ந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறவன். என் ஜீப்புல வர்ற பொம்பளையாளுக ஒவ்வொருத்தர் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும். பட்ட கால்லயே படும்னு சொல்லுவாங்கல்ல, அப்படித்தான் எல்லார் பொழப்பும். காலம் ஆத்தும்க்கா. தைரியமா இருங்க. நீங்க உடைஞ்சா அண்ணன் உடைஞ்சிருவாரு.

சித்தூர்க்காரன் (கொழிஞ்சாம்பாறை) | திங்கள், காலை 5.35

அக்கா, என் அனுபவத்துல சொல்றேன். நாலு வருசம் முன்னாடி லோன் போட்டு ஆறு மாடு வாங்கினேன். கோமாரி வந்து மூணு போச்சு, மிச்சத்துக்குப் பாலே இல்ல. வீட்டுக்குள்ளயே கிடந்தேன். அப்புறம் ஒரு நாள் முடிவு பண்ணினேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும், நடக்கணும், அன்னைக்குச் செய்ய வேண்டியது மூணு மட்டும் எழுதி வச்சு முடிக்கணும். ஆறு மாசத்துல எழுந்து நின்னேன். மனசுங்கறது மாடு மாதிரி, பழக்கினாப் பழகும். அழுகையில உக்காந்தா அதுலயே உக்காந்துருவோம். நாளைக்கே வேலைக்குப் போங்க, விட்டுறாதீங்க.

மலைநர்ஸ் (இடுக்கி) | திங்கள், மதியம் 1.15

நான் பாலியேட்டிவ் வீட்டுப் பராமரிப்புல, அதாவது தீராத நோயோட படுக்கையில கிடக்குறவங்கள வீட்டுக்கே போய்ப் பாத்துக்குற வேலையில இருக்குற நர்ஸ். மலையில இருக்குற வீடுகளுக்குத்தான் தினமும் போறேன். மரத்துலேர்ந்து விழுந்து கட்டில்ல கிடக்குறவங்க எங்க பட்டியல்ல எப்பவும் உண்டு. மிளகுக் காலம் வந்தா எங்களுக்கே பயமா இருக்கும்.

முதல்ல ஒரு கேள்வி. நேராக் கேக்குறேன், நேராப் பதில் சொல்லுங்க. செத்துப் போயிரலாம்னு தோணுதா? அவரையும் கூட்டிட்டுப் போயிரலாம்னு எப்பவாவது நினைச்சீங்களா? இப்படிக் கேட்டா இல்லாத நினைப்ப நாமளே விதைச்ச மாதிரி ஆயிரும்னு பலரும் பயப்படுறாங்க. அப்படி ஆகாது. கேட்டா ஆளுக்குப் பாரம் கொஞ்சம் எறங்கும்.

ஜீப்பு அண்ணே, கோவிச்சுக்காதீங்க. "நீங்க உடைஞ்சா அவரு உடைஞ்சிருவாரு"ங்கற வார்த்தைய நான் நிறைய வீட்டு வாசல்ல கேட்டிருக்கேன். அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா அதுக்கு அப்புறம் அந்தப் பொம்பள வாயத் தொறக்கவே மாட்டா. அழணும்னா அடுப்படியில, தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவா. இத என் கண்ணால பாத்திருக்கேன்.

பெரியாத்துக்கரை | திங்கள், இரவு 9.40

சிஸ்டர், அந்த நினைப்பு இல்ல. சத்தியமா இல்ல. மக இருக்கா. ஆனா பஸ்ஸுல போறப்ப, இது எங்கயும் நிக்காமப் போயிக்கிட்டே இருந்தா நல்லாருக்கும்னு தோணியிருக்கு. அவ்வளவுதான்.

நீங்க கேட்டப்ப ஒண்ணு நினைச்சேன். எங்க பஞ்சாயத்து சிஸ்டர் மாசம் ஒருக்கா வந்து டியூப் மாத்தி, புண்ணு இருக்கான்னு பாப்பாங்க. தங்கமானவங்க. போறப்ப "நீ எப்படி இருக்க"ன்னு கேப்பாங்க. நல்லாருக்கேன் சிஸ்டர்னு சொல்லிருவேன். வேற என்ன சொல்லணும்னே எனக்குத் தெரியாது.

ஓய்வு வாத்தியார் (மூணாறு) | செவ்வாய், காலை 7.10

அம்மா, நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். முப்பது வருடம் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு உளவியல் வாசிப்பதே என் பொழுது.

அழாமல் இருந்தது தவறில்லை. துக்கத்தை அடக்கினால் அது உள்ளே கிடந்து பின்னால் வெடிக்கும் என்றுதான் நாமெல்லாம் நம்புகிறோம். ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளர், துணையை இழந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, 2004-ல் வேறு மாதிரி எழுதினார். பெரிய இழப்புக்குப் பிறகும் தினசரி வேலையைச் செய்துகொண்டு நிலையாக இருப்பவர்கள் அபூர்வமானவர்கள் அல்ல, அதுதான் அதிகம் காணப்படும் போக்கு, அவர்கள் துக்கத்தை ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லச் சான்று குறைவு என்றார். ஆகவே "அழாதவள், அதனால்தான் இப்போது வெடித்தாள்" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஏன் ஏணி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில நாய்களுக்கு, என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சி. பிறகு தப்பிக்க வழி இருக்கும் கூண்டில் விட்டபோதும் அவற்றில் பல அப்படியே படுத்துக்கொண்டன. கையாலாகாத்தனம் பழகிப் போகிறது என்று அப்போது முடிவு கட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டோம் என்று எழுதினார்கள். நீண்ட வேதனையில் ஒடுங்கிப் போவது உயிரின் இயல்பு. அதை யாரும் கற்பதில்லை. கற்பது மற்றதைத்தான்: "நான் ஏதாவது செய்தால் ஏதாவது மாறும்" என்பதை.

மூணாற்றில் இதை நான் நேரில் பார்த்தேன். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்து போராடினார்களே, அப்போது. நாள் கூலி 232 ரூபாய். போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீதம் வாங்கினார்கள். கூலி பிறகுதான் 301 ஆனது, அவர்கள் கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு என் பழைய மாணவியர் நடந்த நடையே வேறு.

உங்கள் வீட்டில் உங்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. விழுந்தது, ஆபரேஷன், கடன், நேரம், எதுவும். அந்த ஏணி ஒன்றை மட்டும் நீங்கள் தொடாமல் வைத்திருந்தீர்கள். அதையும் உங்களைக் கேட்காமல் வெட்டினார்கள். இது என் ஊகம்தான். தவறென்றால் சொல்லுங்கள்.

சித்தூர்க்காரன் | செவ்வாய், காலை 8.02

சார், நீங்க சொல்றதும் நான் சொன்னதும் ஒண்ணுதானே? நான் செஞ்சேன், மாறுச்சு. மன உறுதி இருந்தா முடியும்னுதானே அர்த்தம்?

ஓய்வு வாத்தியார் | செவ்வாய், காலை 8.30

பாதி சரி தம்பி. மூன்று வேலை எழுதி முடித்தது நல்ல மருந்து. ஆனால் அந்த மூன்றைச் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தது. இந்த அம்மாவின் நாளில் அது எங்கே?

இன்னொன்றும் கேட்கிறேன். ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்பவர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, நோய் என்று கடுமையான சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே நிமிர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, விட்டுப் போகாத ஒரு பெரியவர். பாட்டியோ, சித்தியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வாத்தியாரோ. நீங்கள் வீட்டுக்குள் கிடந்தபோது யார் வந்தார்கள்?

சித்தூர்க்காரன் | செவ்வாய், இரவு 9.15

காலையில இதப் படிச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். நாள் பூரா அதான் மண்டையில ஓடுச்சு.

என் பெரியப்பா வருவாரு. தினம் சாயங்காலம் வந்து திண்ணையில உக்காருவாரு. மாட்டப் பத்தியோ லோனப் பத்தியோ ஒரு வார்த்த கேட்டதில்ல. வெத்தல போட்டுட்டு, மழை வருமா வராதான்னு ஏதாவது சொல்லிட்டு, ஏழு மணிக்குக் கிளம்பிருவாரு. காலையில அஞ்சு மணிக்கு என்னைய எழுப்பினதும் அவர்தான். அலாரம் வச்சு நானே எழுந்தேன்னுதான் இவ்வளவு நாளும் சொல்லிட்டு இருந்தேன். இப்பத்தான் ஞாபகம் வருது. அக்கா, நேத்து நான் எழுதினது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சுக்கோங்க.

நகரி தறி (நகரி) | செவ்வாய், இரவு 11.05

நான் இருக்குறது ஆந்திரா பக்கம், திருத்தணி தாண்டி. வீட்டோட நாலு பவர்லூம். 2021 ரெண்டாவது அலையில என் சம்சாரம் போயிட்டாங்க. எட்டு நாள்ல எல்லாம் முடிஞ்சுது. முகத்தக் கூடப் பாக்க விடல. பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலு பேர் வந்தாங்க, அவ்ளோதான். மூணாம் வாரமே தறியில உக்காந்துட்டேன். தறி ஓடுற சத்தத்துல அழுதா பக்கத்துல நிக்கிறவனுக்கும் கேக்காது. ஒரு வருசம் அப்படித்தான் ஓடுச்சு. தறிய நிறுத்துனா பயமா இருக்கும், அதனால ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓட்டுவேன்.

ஒரு தடவ பொண்ணு கட்டாயப்படுத்தி கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போச்சு. நல்ல மனுசி அவங்க, தெலுங்குல பேசினாங்க. நான் நூல் வாங்குறது, சேலை விக்கிறது, பேங்க்கு, எல்லாமே தெலுங்குலதான். சரளமாப் பேசுவேன். ஆனா அங்க உக்காந்தா வார்த்தயே வரல. என் சம்சாரம் என்னைய எப்படிக் கூப்பிடுவாங்கன்றத தெலுங்குல எப்படிச் சொல்றது?

அப்புறம்தான் 14416-க்குப் போன் பண்ணேன். டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்குப் போன்ல பேசுற உதவி எண், மத்திய அரசோடது, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது. பாஷைய நாமளே சொல்லிக்கலாம். தமிழ்னு சொன்னேன். அந்தப் பக்கம் "சொல்லுங்க ஐயா"ன்னாங்க. அந்த ரெண்டு வார்த்தைக்கே உடைஞ்சு போயிட்டேன். எல்லைப் பக்கம் இருக்குற நம்மள மாதிரி ஆளுங்க இத ஞாபகம் வச்சுக்கணும். கணக்கு வழக்கு எந்த பாஷையிலயும் பண்ணலாம். துக்கத்த அவங்கவங்க வீட்டு பாஷையிலதான் எறக்கி வைக்க முடியும்.

மலைநர்ஸ் | புதன், காலை 6.20

நகரி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. கேரளாவுல இருக்குறவங்க 'திசா'ங்கற மாநில அரசு உதவி எண் 1056-க்கும் கூப்பிடலாம்.

பெரியாத்துக்கரை அக்கா, நான் உங்க ஏணியப் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்ல, உங்க முதுகப் பத்தித்தான் சொல்லப் போறேன். அவர ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும், ராத்திரியும். இல்லைன்னா படுக்கைப் புண்ணு வந்துரும். அதுக்கு மேல நாள் பூரா மலையில கொழுந்து. ரெண்டு வருசமா ஒரு ராத்திரி கூட நீங்க முழுசாத் தூங்கியிருக்க மாட்டீங்க. அப்படி இருக்குற உடம்பு எந்த ஏணிக்கும் அழும், எந்தப் பிள்ளையையும் திட்டும். இத மனசுக் கோளாறுன்னு மட்டும் பாக்காதீங்க.

கேரளாதான் 2008-ல இந்தியாவுலயே முதல்ல பாலியேட்டிவ் கொள்கை கொண்டு வந்துச்சு. அதனாலதான் பஞ்சாயத்து நர்ஸ் உங்க லயம் வரைக்கும் வர்றாங்க. அவங்க வர்றது நோயாளிக்கு மட்டும் இல்ல, பாத்துக்குற ஆளுக்கும் சேத்துத்தான். அடுத்த தடவ வாசல்ல வச்சு "நல்லாருக்கேன்"னு சொல்லாதீங்க. "தூக்கம் இல்ல, கை நடுங்குது, திடீர்னு அழுக வருது"ன்னு சொல்லுங்க. இந்த மூணே போதும், மிச்சம் அவங்களுக்குப் புரியும். ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரலைன்னா டாக்டரப் பாக்கணும், தள்ளிப் போடக் கூடாது. படுத்த படுக்கையா இருக்குறவங்களப் பாத்துக்குறவங்களுக்கு 'ஆஸ்வாசகிரணம்'னு மாசம் 600 ரூபா வருது. போட்டிருக்கீங்களா? இல்லைன்னா அங்கன்வாடி டீச்சர்கிட்ட கேளுங்க. பெரிய காசு இல்ல, லேட்டாவும் வரும். ஆனா நீங்க செய்றதும் ஒரு வேலைன்னு அரசாங்கம் எழுதித் தர்ற காகிதம் அது. அதுக்காகவாவது போடுங்க.

அப்புறம், மத்தியானம் திருப்பிப் போட யாராவது கிடைப்பாங்களா? நீங்க மலை எறங்கி ஏறுறது ஒண்ணு மிச்சமானாக் கூடப் போதும்.

கம்பமெட்டு ஜீப்பு | புதன், காலை 9.50

சிஸ்டர், கோவம் இல்ல. இன்னைக்கு வண்டியில ஒரு அம்மா மக கல்யாணம் நின்னு போச்சுன்னு சொன்னாங்க. தைரியமா இருங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். மெட்டுல டீ வாங்கிக் குடுத்தேன். எறங்குற வரைக்கும் பேசிட்டே வந்தாங்க.

பெரியாத்துக்கரை | வெள்ளி, இரவு 9.05

எல்லாத்தையும் வரி விடாமப் படிச்சேன். வாத்தியார் ஐயா எழுதினத மக எனக்கு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனா.

புதன்கிழம ராத்திரி அவரத் திருப்பிப் போடுறப்ப அவரு கேட்டாரு, "அந்தப் பையன்கிட்ட இன்னும் பேசலையா நீ?"ன்னு. அவன் செஞ்சதுக்கு எப்படிப் பேசுறதுன்னேன். கொஞ்ச நேரம் செவுத்தப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "நான்தான் வெட்டச் சொன்னேன்"னாரு.

எங்க கட்டிலு ஜன்னலோரம். வலப்பக்கம் திருப்பிப் போட்டா அவருக்கு நேரா அந்தச் சுவருதான் தெரியும். ரெண்டு வருசமா ஒருநாள் விடாம அந்த ஏணியப் பாத்துட்டுக் கிடந்திருக்காரு. நான்தான் தினமும் அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டுப் போயிருக்கேன். ஏன் என்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். "நீ ஒத்த ஆளா எல்லாத்தையும் தாங்குற. இதையும் சொன்னா நீ உடைஞ்சிருவ"ன்னாரு.

நான் ஏன் அத எடுத்து எறியலங்கறத யார்கிட்டயும் சொன்னதில்ல, இங்கயும் எழுதல. டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சு, புரிஞ்சுச்சு. ஆனா ஒருநாள் எந்திரிச்சு நின்னு "என் ஏணி எங்க"ன்னு கேட்டாருன்னா? அதுக்காகத்தான் வச்சிருந்தேன். அவருகிட்ட அதச் சொன்னேன். அவரு அழுது நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு அழுதாரு. நானும் அழுதேன். மாமியாரு எந்திரிச்சு வந்து என்ன ஏதுன்னு கேக்காம, அடுப்பப் பத்த வச்சு மூணு டம்ளர் கட்டஞ்சாயா, பால் இல்லாத டீ, போட்டாங்க. மணி ஒண்ணரை இருக்கும்.

வாத்தியார் ஐயா, நீங்க சொன்னது தப்பு இல்ல. என்னைய யாரும் கேக்கலங்கறது உண்மதான். ஆனா நானும் அவர ஒண்ணும் கேட்டதில்ல. எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்னு கூடக் கேட்டதில்ல.

அந்தப் பையன் விசயம் இன்னும் இருக்கு. ஸ்கூல் இல்லாத நாள்ல நான் வேலையில இருக்குறப்ப அவன்தான் வந்து மாமியாரோட சேந்து இவரத் திருப்பிப் போட்டிருக்கான், பல மாசமா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு இவரு சொல்லி வச்சிருக்காரு, தெரிஞ்சா நான் சங்கடப்படுவேன்னு. நான் அத்தன திட்டு திட்டியும் அந்தப் பிள்ள வாயத் தொறக்கல. நேத்து கப்பையும் மீன் கறியும் வச்சு எடுத்துட்டுப் போனேன். அவன் அம்மா வாங்க மாட்டேன்னா. வாசல்லயே நின்னேன். அப்புறம் வாங்கிக்கிட்டா. பழைய மாதிரி பேச நாளாகும்.

மலைநர்ஸ் | வெள்ளி, இரவு 9.20

தூக்கம்?

பெரியாத்துக்கரை | வெள்ளி, இரவு 9.41

நேத்து மக பன்னெண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் அவளே எந்திரிச்சுத் திருப்பிப் போட்டா. நான் நாலு மணி வரைக்கும் ஒரே தூக்கம். கை நடுக்கம் இன்னும் இருக்கு. செவ்வாக்கிழம எங்க சிஸ்டர் வர்றாங்க, சொல்லணும்னு எழுதி வச்சிருக்கேன். அங்கன்வாடி டீச்சர் அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பப் பாரம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

மூங்கித் துண்டு இன்னும் அங்கதான் அடுக்கிக் கிடக்கு. எரிக்கவா வேணாமான்னு அவருகிட்டயே கேட்டேன். மழை வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்னாரு. இப்ப எந்தப் பக்கம் படுக்கணும்னும் அவரு சொல்றபடிதான். இன்னைக்கு வலப்பக்கம் வேணும்னு சொல்லியிருக்காரு. நேரமாச்சு, போய்த் திருப்பிப் போடணும்.